இழப்பு யார் கணக்கில்: சிங்கப்பூரின் பெருந்தொற்றுக்காலச் சட்டம்

பெருந்தொற்று பரவும்போது கடைகளை மூடும்படி அரசு ஆணையிடுகிறது. ஆனால் மூடப்பட்ட கடைக்கான வாடகையையோ, அக்கடையைக் காட்டி வாங்கிய கடனுக்கான தவணையையோ, குறித்த நாளில் சரக்கு அனுப்புவதாகக் கொடுத்த வாக்குறுதியையோ அந்த ஆணை தானாக நிறுத்திவிடுவதில்லை. வருமானம் நின்றுபோகும் நாளிலும் ஒப்பந்தங்கள் தம் கணக்கை நடத்திக்கொண்டே இருக்கின்றன. நோயைத் தடுக்கும் அதிகாரத்தைப் பல நாடுகளின் பழைய சுகாதாரச் சட்டங்களே அரசுக்குக் கொடுத்திருந்தன. நோய்த்தடுப்பால் விளையும் பண இழப்பை யார் சுமப்பது என்ற கேள்விக்குத்தான் அவற்றில் விடை இருக்கவில்லை. 2020இல் அந்த விடையைத் தனிச் சட்டமாகவே எழுத முயன்ற நாடுகளில் சிங்கப்பூர் முக்கியமானது.

இப்படியொரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, இந்தியாவும் சிங்கப்பூரும் பொதுவாகப் பெற்ற ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைச் சற்றே பார்க்க வேண்டும். 1647இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், உள்நாட்டுப் போரின்போது படையினரால் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குத்தகைதாரர், நிலம் தம் கையிலேயே இல்லாத காலத்துக்கும் குத்தகை செலுத்தியாக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 1863இல் இந்தக் கடுமை ஓரளவு தளர்ந்தது: கச்சேரிக்காக வாடகைக்கு எடுக்கப்பட்ட அரங்கு நிகழ்ச்சிக்கு முன்பே தீயில் அழிந்துபோனதால், இரு தரப்பும் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டதாக நீதிமன்றம் ஏற்றது. ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்துவிட்டால் கடமையும் முடிந்துவிடும் என்னும் இந்தக் கோட்பாடு, நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாது என்ற வடிவில் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலும் 56ஆவது பிரிவாக இடம்பெற்றது. ஆயினும் தற்காலிகத் தடைக்கு இக்கோட்பாடு எளிதில் உதவுவதில்லை. பத்தாண்டுக் குத்தகைக்கு எடுத்த கிடங்குக்குச் செல்லும் ஒரே சாலையை உள்ளாட்சி அதிகாரிகள் ஏறத்தாழ 20 மாதங்கள் மூடிவைத்தபோதும் வாடகை செலுத்தியே தீர வேண்டும் என்று 1981இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்த அளவுகோலின்படி, மூன்றாண்டு வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு மாத ஊரடங்கு என்பது எந்த விடுதலையையும் பெற்றுத்தராது. கட்டுப்படுத்த முடியாத நிகழ்வுகளுக்கு விலக்களிக்கும் பிரிவைச் சிலர் தம் ஒப்பந்தங்களில் முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள் என்றாலும், வழக்கறிஞரை வைத்து ஒப்பந்தம் எழுதும் வசதி பெட்டிக்கடைக்காரருக்கும் சிறு உணவகக்காரருக்கும் எங்கே இருக்கிறது?

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2020 ஏப்ரல் 7 அன்று, கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றியது. மசோதா ஒன்றை அறிமுகம் செய்து, விவாதித்து, இறுதி செய்யும் மூன்று வாசிப்புகளையும் ஒரே அமர்வில் முடிப்பதற்கு அதிபரின் அவசரச் சான்றிதழ் தேவை. அது பெறப்பட்டு, அன்றே ஒப்புதலும் கிடைத்தது. மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும், அத்தியாவசியமற்ற பணியிடங்கள் மூடப்பட வேண்டும் என்ற, சர்க்கிட் பிரேக்கர் எனப்பட்ட முடக்கநிலை தொடங்கியதும் அதே நாளில்தான். கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கும் அதிகாரமும், அதை மீறுவோருக்கு முதல் முறை 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்ற தண்டனையும் இச்சட்டத்தின் ஒரு பகுதியாக அமைந்தன. கதவை மூடச் சொன்ன சட்டமே, மூடியதால் வரும் கடன்காரர்களிடமிருந்து காப்பையும் அளித்தது. மற்ற நாடுகளின் அவசர ஆணைகளோடு ஒப்பிடும்போது இச்சட்டத்தின் தலையாய சிறப்பு இந்த இணைப்பே ஆகும்.

அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகத்தின் அமைச்சகம் வகுத்த நிவாரணப் பகுதி எல்லா ஒப்பந்தங்களையும் தொடவில்லை. கடை, அலுவலகம், தொழிற்கூடம் ஆகியவற்றின் வாடகை ஒப்பந்தங்கள், கட்டுமான ஒப்பந்தங்கள், நிகழ்ச்சி ஒப்பந்தங்கள், சுற்றுலா ஒப்பந்தங்கள், சிறு நிறுவனங்கள் பெற்ற சில வகைக் கடன்கள் எனப் பட்டியலிடப்பட்டவை மட்டுமே அதற்குள் வந்தன; அவையும் 2020 மார்ச் 25க்கு முன் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். பெருந்தொற்றினால் கடமையை நிறைவேற்ற இயலாத தரப்பு எதிர்த்தரப்புக்கு நிவாரண அறிவிப்பு ஒன்றை அனுப்பினால், குறித்த காலம் முடியும் வரை எதிர்த்தரப்பு வழக்குத் தொடரவோ, அடமானச் சொத்தைக் கைப்பற்றவோ, கடையைக் காலிசெய்யச் சொல்லவோ முடியாது. மீறினால் அது குற்றம். தொடக்கத்தில் ஆறு மாதங்களுக்கு என வகுக்கப்பட்ட இந்தப் பாதுகாப்பு, பின்னர் சில வகை ஒப்பந்தங்களுக்கு நீட்டிக்கப்பட்டது.

திருமண விருந்துக்கு மண்டபம் பதிவுசெய்தவரின் நிலையை எடுத்துக்கொண்டால் இச்சட்டம் செயல்பட்ட விதம் தெளிவாகும். மார்ச் இறுதியிலேயே, பள்ளிக்கும் பணியிடத்துக்கும் வெளியே பத்துப் பேருக்கு மேல் கூடுவது தடைசெய்யப்பட்டிருந்ததால், நூற்றுக்கணக்கானோரை அழைத்த விருந்து நடக்க வழியில்லை. பழைய சட்டத்தின்படி, விருந்தை ரத்துசெய்தவர் முன்பணத்தை இழந்திருக்கக்கூடும். புதிய சட்டத்திலோ, அறிவிப்பு அனுப்பியபின் மண்டப நிர்வாகம் முன்பணத்தைத் தன்னிச்சையாக எடுத்துக்கொள்ள முடியாது. முன்பே எடுத்திருந்தாலும் அது எடுக்கப்படாததாகவே கருதப்படும். அதேவேளை, காய்கறி வாங்கி, பூ அலங்காரத்துக்குச் சொல்லிவைத்து மண்டபக்காரர் செலவழித்ததும் உண்மைதான். எனவே இருவரும் பேசி முடிவுக்கு வர முடியாவிட்டால், அமைச்சர் நியமித்த மதிப்பீட்டாளர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டு, எவ்வளவு திருப்பித் தரப்பட வேண்டும் என்று நியாயத்தின் அடிப்படையில் தீர்மானிப்பார். அந்த விசாரணையில் பொதுவாக வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. அவரவர் செலவை அவரவரே ஏற்க வேண்டும். முடிவின் மீது மேல்முறையீடும் இல்லை. மேல்முறையீட்டு உரிமையைப் பறிப்பது சாதாரணக் காலத்தில் ஏற்கத்தக்கதன்று. ஆனால் வழக்கின் செலவு முன்பணத்தையே விழுங்கிவிடும் என்னும் சிறிய தகராறுகளில், விரைந்து கிடைக்கும் சுமாரான நியாயம், ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் துல்லியமான நியாயத்தைவிட மேலானது.

திவால் வரம்புகளும் உயர்த்தப்பட்டன. சிங்கப்பூர்த் தமிழில் நொடிப்பு எனப்படும் திவால் நடவடிக்கையைத் தனிநபர் ஒருவர் மீது தொடங்கத் தேவையான குறைந்தபட்சக் கடன் 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாகவும், நிறுவனத்துக்கு 10,000 வெள்ளியிலிருந்து 1,00,000 வெள்ளியாகவும் ஆக்கப்பட்டது. கடனைக் கேட்டு அனுப்பும் சட்டபூர்வ அறிவிப்புக்குப் பதிலளிக்க இருந்த 21 நாள் கெடு ஆறு மாதமானது.

இவை அனைத்தும் ஒத்திவைப்புகளே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதச் சட்டத்தில் வாடகை தள்ளுபடி ஆகவில்லை; தள்ளிப்போனது மட்டுமே. ஆறு மாதம் மூடிக்கிடந்த கடையைத் திறக்கும் நாளில் ஆறு மாத பாக்கி மொத்தமாக வந்து நிற்குமானால், ஏப்ரலில் விழுந்திருக்க வேண்டிய அந்தக் கடைக்காரர் அக்டோபரில் விழுவார் என்பதைத் தவிர வேறு பயன் இல்லை. அரசு 2020க்கு அளித்த சொத்துவரிச் சலுகையைக் கட்டட உரிமையாளர் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் வாடகைதாரருக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்று ஏப்ரல் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது; இழப்பைப் பகிரும் சிந்தனை அதிலேயே தொடங்கிவிட்டது எனலாம். ஜூன் தொடக்கத்தில் நிறைவேறிய திருத்தம் அச்சிந்தனையை முழு வடிவுக்குக் கொண்டுவந்தது.

அத்திருத்தத்தின்படி, ஆண்டு வணிகம் 10 கோடி வெள்ளிக்கு மிகாத சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு வாடகையே குறைக்கப்பட்டது. கடைகள் போன்ற வணிக இடங்களுக்கு நான்கு மாத வாடகை வரையும், அலுவலகங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் இரண்டு மாத வாடகை வரையும் தள்ளுபடி கிடைத்தது. இதில் ஏறத்தாழ பாதியை ரொக்க மானியம், வரிச்சலுகை ஆகிய வழிகளில் அரசு ஏற்றது. மறுபாதியைக் கட்டட உரிமையாளர் ஏற்க வேண்டும். உரிமையாளரின் பங்கைப் பெற விரும்பும் வாடகைதாரர், ஏப்ரல், மே மாதங்களில் தம் வருவாய் முந்தைய ஆண்டைவிட 35 சதவீதமாவது சரிந்ததைக் காட்ட வேண்டும். எல்லாக் கட்டட உரிமையாளர்களும் பெருஞ்செல்வர்கள் அல்லர். ஒரே கடையை வாடகைக்கு விட்டு, அவ்வருமானத்தில் முதுமையைக் கழிப்போரும் உண்டு. அத்தகையோர் விண்ணப்பித்தால் அவர்கள் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய வாடகை பாக்கியை, வரம்பிடப்பட்ட குறைந்த வட்டியுடன் ஒன்பது மாதத் தவணைகள் வரை பிரித்துக் கட்டவும் வழிசெய்யப்பட்டது. மனமுவந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் விலையை அரசு இடையில் புகுந்து மாற்றுவது, ஒப்பந்த உறுதியையே முதலீட்டுக்கான விளம்பரமாகக் கொண்ட ஒரு நகருக்கு எளிய முடிவன்று. அதை மறைமுகமாகச் செய்யாமல், யாருக்கு எத்தனை மாதம் என்று எண்ணிக்கையோடு சட்டத்தில் எழுதியதில்தான் அதன் நேர்மை இருக்கிறது.

அதே மாதங்களில் இந்தியா சென்ற வழி வேறு. புதிய சட்டம் இயற்றாமல், மும்பையில் பிளேக் பரவியதை ஒட்டிப் பிறந்த 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தையும், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் கொண்டே ஊரடங்கு நடத்தப்பட்டது. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், நிறுவனங்கள் மூடியிருக்கும் காலத்துக்கும் பிடித்தமின்றிக் கூலி கொடுக்க வேண்டும் என்றும், புலம்பெயர் தொழிலாளர்களிடம் வீட்டு உரிமையாளர்கள் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. நோக்கம் உயர்ந்தது; ஆனால் முழுச் சுமையும் முதலாளி மீதும் வீட்டுக்காரர் மீதும் விழுந்ததே தவிர, அந்த ஆணையில் அரசின் பங்கு ஏதும் இல்லை. மே 18 முதல் அது நடைமுறையில் இல்லாமற்போனது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், கூலி கொடுக்காத நிறுவனங்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என்றும், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் கூறியது. மூன்று மாத வருமானம் இழந்த தொழிலாளியிடம் முதலாளியோடு பேரம் பேசும் வலு எவ்வளவு இருந்திருக்கும் என்பதை எவரும் ஊகிக்கலாம். வங்கிக் கடன் தவணைகளை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி ஒத்திவைக்க அனுமதித்தபோதும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டி வசூலிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2021 மார்ச் 23 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் நாடாளுமன்ற மேசையில் முடிவான கேள்வி, இந்தியாவில் நீதிமன்றப் படிகளில் ஓராண்டு அலைந்தது.

எனினும் சிங்கப்பூர்ச் சட்டத்தைப் புகழ்ந்து மட்டும் விடுவது நியாயமாகாது. அது கண்ணில் வைத்திருந்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்புகள். அந்தத் தரப்புகளுக்காக வேலை செய்தவர்கள் அதன் விளிம்பில்தான் நின்றார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சென்ற கட்டுமானத் தொழிலாளர்கள் பெருமளவில் இருந்த தங்கும் விடுதிகளில் அப்போது சுமார் 3,23,000 பேர் வசித்தனர். சட்டம் நிறைவேறுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, ஏப்ரல் 5 அன்று, பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு விடுதிகள், ஏறத்தாழ 20,000 பேருடன், சிங்கப்பூரின் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் தனிமைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. ஓர் அறையில் பன்னிரண்டு பேரோ அதற்கும் மேற்பட்டோரோ அடுக்குக் கட்டில்களில் படுத்து, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்திய இடங்களில் இடைவெளி காப்பது எப்படிச் சாத்தியம்? அவ்வாண்டு டிசம்பரில் வெளியான அரசுக் கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 சதவீதத்தினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். இளவயதினர் என்பதாலும் மருத்துவக் கவனிப்பு கிடைத்ததாலும் உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. ஆனால் விடுதிக்கு வெளியே காலெடுத்து வைக்க முடியாத மாதங்கள் நீண்டன.

கட்டுமானத் துறையின் இழப்பைப் பகிரவும் பின்னர் விதிகள் சேர்க்கப்பட்டன. 2020 ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 19 வரையிலான 122 நாள் தாமதத்துக்காகக் கட்டுமான ஒப்பந்தங்களின் கெடு பொதுவாக நீட்டிக்கப்பட்டது. தாமதத்தால் கூடிய செலவில் ஒரு பகுதியைத் திட்ட உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் பாதிப் பாதியாக ஏற்கவும் வழி பிறந்தது. அந்த 122 நாள்களும் தொழிலாளர்கள் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த நாள்களே. ஆயினும் அவர்களின் கூலிக்கான ஏற்பாடு இச்சட்டத்தில் இடம்பெறாமல், மனிதவள அமைச்சின் அறிவுறுத்தல்களுக்கும், முதலாளிகளுக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் அளித்த 750 வெள்ளி லெவிக் கழிவு போன்ற உதவிகளுக்கும் விடப்பட்டது. லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளியை வேலைக்கு வைப்பதற்காக முதலாளி அரசுக்கு மாதந்தோறும் கட்டும் தொகை. அதில் கிடைக்கும் கழிவு முதலாளியின் கைக்குத்தான் முதலில் போகும்.

விடுதிகளின் நெரிசலைக் குறைக்கும் வேலை பெருந்தொற்று பரவிய பின்பே தொடங்கியது. புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம், அறையோடு இணைந்த கழிப்பறை என்ற தரநிலை 2021இல் அறிவிக்கப்பட்டது. விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2023 ஏப்ரல் முதல், ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட சிறு விடுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஏற்கெனவே இயங்கிவரும் விடுதிகள் இடைக்காலத் தரத்தை எட்ட 2030 வரையும், முழுத் தரத்தை எட்ட 2040 வரையும் அவகாசம் பெற்றிருக்கின்றன. கடை வாடகைக்கான பங்கீட்டை இரண்டே மாதத்தில் எழுதி முடித்த அதே நாட்டில், அந்தக் கடைகளைக் கட்டியவர்களின் படுக்கைகளுக்கு இடையிலான தூரம் இருபது ஆண்டுத் திட்டமாகவே இருக்கிறது.