காற்றை அளக்கும் கருவிகள்

தோல் பதனிடுந் தொழிலுக்குத் திண்டுக்கல் நெடுங்காலமாகப் பெயர் பெற்றதென்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். தோலினின்று மயிரை நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்ப்பதுண்டு. அக்கழிவுநீரோடு அமிலம் கலக்குமாயின், அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும். மூக்கு அதனை உடனே உணரும். ஆயின் அளவு கூறாது. அவ்வாயு மிகுமிடத்து மோப்ப உணர்ச்சியே மழுங்கிவிடும். ஆதலின் கருவி வேண்டும். எக்கருவி வேண்டும் என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, குமிழிக் கருவி. இது காற்றை உறிஞ்சி, கண்ணாடிக் குழாயிலுள்ள திரவத்தினூடே செலுத்தும். திரவம் பற்றிக்கொண்ட வாயுவைப் பின்னர் ஆய்வுக்கூடத்தில் நிறத்தைக் கொண்டு அளப்பர். 4 மணி நேரத்துக்கு ஒரு குழாய் வைப்பது வழக்கம். ஒரு மணி நேரம் கன மீட்டருக்கு 240 மைக்ரோகிராம் வாயு வீசி, எஞ்சிய மூன்று மணியும் தூய காற்றே வருமாயின், அக்குழாய் 60 என்றே கூறும். கொடிய வேளை சராசரியில் மறைந்துபோம்.

இரண்டாவது, தானியங்கி யந்திரம். கந்தக டையாக்சைடின்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அவ்வாயு ஒளிரும். அவ்வொளியை அளந்து, வாயுவின் அளவை யந்திரம் இரவும் பகலும் இடைவிடாது குறிக்கும். திண்டுக்கல் மெண்டோன்சா காலனியில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இத்தகைய நிலையம் ஒன்றுண்டு. ஆயினும் யந்திரம் தனக்கென அமைத்த வாயுக்களை மட்டுமே காணும். 2009-ல் இந்திய அரசாங்கம் வெளிக்காற்றுக்கு எல்லை வகுத்த 12 பொருள்களுள் ஹைட்ரஜன் சல்பைடு இடம்பெறவில்லை. மக்கள் முதலில் உணரும் நாற்றம் ஏட்டில் ஏறாதொழிதல் கூடும்.

இக்குறையை நீக்க எளியோர் கண்ட வழியே மூன்றாவது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த கிராமத்தார் 2004-ல் ஒரு பிளாஸ்டிக் வாளியையே கருவியாக்கினர். வாளிக்குள் வெறும் பை ஒன்றிருக்கும். வாளியின் காற்றை வெளியே இழுத்தவுடன் பை விரிந்து வெளிக்காற்றை உட்கொள்ளும். அப்பைகளை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினர். 22 நச்சு இரசாயனங்கள் வெளிப்பட்டன. எனினும் வாளி சில நிமிஷக் காற்றையே அறியும். நாற்றம் எழும் வேளையில் அதனை எடுத்தோட ஒருவர் விழித்திருத்தல் வேண்டும்.

ஆகவே, யந்திரம் காலத்தைக் கூறும். வாளி பொருளைக் கூறும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. நகரத்தில் நிற்கும் யந்திரம் தாடிக்கொம்பை அடுத்த அகரத்தின் காற்றை அளந்ததாகவும் கொள்ளலாகாது. நாற்றம் வந்த நாள், மணி, காற்றின் திசை இவற்றை ஒரு குறிப்பேட்டில் தவறாது எழுதிவரல் எவர்க்கும் இயலும். கருவியை எங்கே, எப்பொழுது வைப்பதென்பதற்கு அக்குறிப்பே வழிகாட்டும். நம் விஞ்ஞான மாணவர் அப்பணியைத் தத்தம் ஊரில் தொடங்குவாராக.