காய்ச்சல் காட்டாத தொற்று

ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும். தெர்மாமீட்டரோ பெரிதாக எதையும் காட்டாது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனையிலும் அளவு மெதுவாகத்தான் ஏறும். மைடி88 மரபணுவின் இரு பிரதிகளுமே பழுதாகிப் பிறந்த குழந்தைகளின் நிலை இது. பெற்றோருக்கும் மருத்துவருக்கும் எச்சரிக்கை கிடைக்கும்போது பல சமயம் காலம் கடந்திருக்கும்.

மூன்றாம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு தரும் புரதம் கிருமியைத் தொடுவதே இல்லை. கிருமியை இனங்காண்பது டோல் ஏற்பிகளின் வேலை. கண்ட சேதியைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் தூதுவன்தான் மைடி88. ஆறு மைடி88 மூலக்கூறுகள் சுருள் படிக்கட்டாக அடுக்கிக்கொள்ள, அவற்றின் மேல் ஐராக் புரதங்கள் வந்து அமர்கின்றன. 2010இல் ஹாவோ வூ குழு இந்த அமைப்பைப் படம்பிடித்துக் காட்டியது. ஐராக் புரதங்கள் அமர்ந்த பிறகே அழற்சிக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. காய்ச்சலைக் கிளப்பும் இன்டர்லூக்கின்-1இன் சேதியும் இதே வழியில்தான் போகிறது. வழி அடைபட்டால் காய்ச்சலும் மட்டுப்படும்.

இந்த மரபணுவை நீக்கிய எலிகள் பலவகைக் கிருமிகளுக்கு இரையாயின. மனிதர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் 2008இல் காசனோவா குழு விவரித்த 9 குழந்தைகளைப் படுத்தியவை நிமோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ், சூடோமோனாஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் மட்டுமே. பிற கிருமிகளை அவர்கள் சமாளித்தார்கள். பதின்ம வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தொல்லையும் குறைகிறது. அதுவரை தடுப்பூசியும் அன்றாட ஆன்டிபயாட்டிக்கும்தான் காவல். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள இந்த வேறுபாடு, எலியை வைத்து மனிதனைக் கணிப்பவர்கள் மறக்கக் கூடாத பாடம்.

இதே புரதம் ஓயாமல் சேதி அனுப்பினாலும் ஆபத்துதான். வால்டன்ஸ்ட்ராம் என்ற அரிய ரத்தப் புற்றுநோயாளிகளில் சுமார் 90 சதவீதத்தினரின் புற்றுச் செல்களில், புரதத்தின் 265ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் இருப்பதை 2012இல் பாஸ்டனின் ஸ்டீவன் ட்ரியான் குழு அறிவித்தது. பரம்பரையாக வருவதல்ல, வாழ்நாளில் அந்தச் செல்களில் மட்டும் நேரும் மாற்றம். அது தூண்டும் பிடிகே நொதியை முடக்கும் இப்ருடினிப் மாத்திரைக்கு, இந்நோய்க்கென 2015இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

பழுதான மரபணுவுடன் பிறந்தவர்கள் வைரஸைச் சமாளித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையைக் கொரோனா அசைத்தது. கடும் கோவிட் நிமோனியா அவர்களை எளிதில் பிடிக்கிறது என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த வைரஸை உணரும் டிஎல்ஆர்7 என்ற டோல் ஏற்பியும், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரானைச் சுரக்கச் சொல்ல, மைடி88ஐத்தான் நம்பியிருக்கிறது.