மாரிகுப்பத்தில் ஒரு காற்றுக் கதவு

நம் மலரில் கோயில் உலாவும் சமையல் குறிப்பும் படித்துப் பழகியவர்களுக்கு முன்னால் கார் என்ஜினைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நான் டிப்ளமா படித்து 1982-ல் ரயில்வேயில் சார்ஜ்மேனாகச் சேர்ந்தவன். டீசல் லோகோ ஷெட்டுகளில் 39 வருடம் கிரீஸ் கையோடு காலம் கழித்துவிட்டு, பிறந்த ஊரான மாரிகுப்பத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். தெரியாதவர்களுக்காக ஒரு வரி: பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் 16 கிலோமீட்டர் கிளைப் பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் எல்லாம் தாண்டி, தண்டவாளம் முடிகிற இடம்தான் எங்கள் ஊர். தங்கச் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு ஓடுகிற கூட்டம் மட்டும் குறையவில்லை.

என் தங்கை பெங்களூரில் இருக்கிறாள். அவள் மகன், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம், முதல் சம்பாத்தியத்தில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கினான். வாங்கிய கையோடு, கம்பெனிக்காரன் வைத்திருந்த காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூம்பு வடிவில் சிவப்பு நிற ஃபில்டர் ஒன்றை ஒரு வளைந்த அலுமினியக் குழாயோடு மாட்டிக்கொண்டான். விலை அவனுடைய அரை மாத வீட்டு வாடகை. இது அவன் அம்மாவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, ஹைவேல நல்லாத்தான் இழுக்குது. கே.ஆர்.புரம் டிராஃபிக்ல அரை மணி நின்னுட்டுக் கிளம்பினா வண்டி செத்த மாதிரி இருக்கு. சத்தம் மட்டும்தான் வருது" என்றான்.

பானெட்டைத் திறக்கச் சொன்னேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஃபில்டர் என்ஜினுக்குப் பக்கத்தில் திறந்த மேனியாக நிற்கிறது. ரேடியேட்டர் விசிறி தள்ளுகிற சூடு, எக்ஸாஸ்ட் குழாய் கக்குகிற சூடு எல்லாம் அதன் மேல்தான். கம்பெனிப் பெட்டியோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மூக்கை நீட்டி வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்டா, அடுப்படியில உட்கார்ந்து மூச்சு விடச் சொன்னா உனக்கு ஓட முடியுமா?" என்று கேட்டேன்.

இதில் உள்ள கணக்கு சுலபமானது. காற்று சூடாக ஆக விரிகிறது, அதே குழாய்க்குள் குறைந்த எடையே நுழைகிறது. வெளியே 30 டிகிரி என்று வையுங்கள். அந்தக் காற்று ஃபில்டருக்குள் போகும்போது 66 டிகிரி ஆகிவிட்டால் அதன் அடர்த்தி பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே குறைந்துவிடும். அடர்த்தி குறைந்தால் பிராணவாயு குறையும், எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். போதாததற்கு, இந்தக் காலத்து கார்களில் இருக்கும் கம்ப்யூட்டர், உள்ளே வரும் காற்று சூடாக இருப்பதை ஒரு சென்சார் மூலம் தெரிந்துகொண்டு, என்ஜின் தட்டாமல் இருப்பதற்காகத் தீப்பொறி போடும் நேரத்தைத் தள்ளி வைக்கும். வண்டி இன்னும் மந்தமாகும். எங்கள் தங்கவயலும் பெங்களூரும் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர்கள். காற்று ஏற்கெனவே சென்னையைவிட லேசு.

ரயில்வேக்காரனுக்கு இது பால பாடம். நான் கை வைத்துப் பழகிய டபிள்யூ.டி.எம்.-2 லோகோ 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கி, 1964 முதல் வாரணாசியில் உற்பத்தியானது. 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி. அதன் டர்போ வெளிக்காற்றை வண்டியின் பக்கவாட்டு ஃபில்டர்கள் வழியாக இழுத்து அமுக்கும். அமுக்கிய காற்று கொதிக்கும். அப்படியே சிலிண்டருக்குள் விடாமல், நடுவில் ஆஃப்டர்கூலர் என்ற தண்ணீர்க் குளிர்விப்பானுக்குள் விட்டுத்தான் உள்ளே அனுப்புவோம். அந்தக் கூலரில் அழுக்கு அடைத்துக்கொண்டால் வண்டி ஏற்றத்தில் கரும்புகை விட்டுக்கொண்டு அழும். இரவு இரண்டு மணிக்கு கன்ட்ரோல் ஆபீஸிலிருந்து எங்களுக்குப் போன் வரும்.

ஆனால் நான் இந்தப் பாடத்தைக் கற்றது ஷெட்டில் அல்ல, அப்பாவிடம். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். மேலே குளிரூட்டிய காற்றை அனுப்பினாலும் அது கீழே இறங்க இறங்கத் தன் பாரத்தாலேயே அமுங்கிச் சூடாகும். உலர்ந்த காற்றானால் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி அளவுக்கு ஏறும். ஆகவே கீழே போய்ச் சேரும் கொஞ்ச நஞ்சக் குளிர்ச்சி பொன்னைவிட மதிப்பானது. போகிற நல்ல காற்றும் திரும்பி வருகிற கெட்ட காற்றும் கலக்காமலிருக்க சுரங்கப் பாதைகளில் கதவுகள் உண்டு. இரண்டு கதவு அடுத்தடுத்து இருக்கும், ஒன்றைச் சாத்திய பிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். எவனாவது அவசரத்தில் திறந்து போட்டுவிட்டால் தூரத்தில் வேலை செய்கிறவனுக்கு நல்ல காற்று போய்ச் சேராது. அப்பா ஓய்வு பெற்று, இருமிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்களிலும், வீட்டுக் கதவை நாங்கள் திறந்து போட்டுவிட்டு ஓடினால் "கதவைச் சாத்துடா" என்று அதட்டுவார். கொசுவுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, காருக்கு வருவோம். அவனிடம், "உன் ஃபில்டருக்கு ஒரு காற்றுக் கதவு போடலாம்" என்றேன். ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் 16 கேஜ் அலுமினியத் தகடு வாங்கி வந்தோம். ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனம். முதலில் பழைய தினக் காலண்டர் அட்டையில் வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டி, மூன்றாவது அட்டைதான் சரியாக உட்கார்ந்தது. இந்த வேலையில் அட்டைக்குச் சோம்பல் படுகிறவன் தகட்டை வீணாக்குவான். ஃபில்டருக்கு மூன்று பக்கம் சுவர், மேலே பானெட்டே கூரை, ஹெட்லைட் பக்கம் திறப்பு, அதுதான் வாசல். தகட்டின் பளபளப்பை என்ஜின் பார்த்தபடி வைத்தோம். பளபளக்கும் அலுமினியம் கதிர்வீச்சாக வரும் சூட்டில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புப் பெயின்ட் அடித்தால்தான் அழகு என்றான் பையன். அடித்தால் சூட்டைக் குடிக்கும் என்று தடுத்தேன். துணி, பஞ்சு வைத்துச் சுற்றலாமா என்றும் கேட்டான். எண்ணெய் குடித்த துணி என்ஜின் பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். அந்த யோசனையே கூடாது.

இங்கே என் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். 39 வருட அனுபவத் திமிரில், தகட்டின் விளிம்புக்கு ரப்பர் போடாமல், "இது போதும்டா" என்று அனுப்பிவிட்டேன். பத்தாம் நாள் போன்: டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வந்து பார்த்தால், அதிர்வில் தகட்டின் விளிம்பு சென்சார் ஒயரின் தோலை அறுத்திருக்கிறது. நாலு விரல் தள்ளி பேட்டரியின் பாசிட்டிவ் முனை. தகடு அங்கே சாய்ந்திருந்தால் நெருப்புத்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்கையிடம் என்ன பதில் சொல்லியிருப்பேன்? மறுநாளே எல்லா விளிம்புக்கும் ரப்பர் பீடிங், ஒயருக்கு உறை, பேட்டரி முனைக்கு மூடி, தகட்டுக்கு மூன்றாவதாக ஒரு தாங்கி, நைலான் வளையம் வைத்த நட்டு. ஆடாத தகடாக ஆக்கிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.

பிறகு அளந்தோம். காரில் சொருகி செல்போனில் படிக்கும் சின்னக் கருவி ஒன்று அவனிடம் இருந்தது. தகடு இல்லாமல், நின்ற இடத்தில் இருபது நிமிடம் ஓடவிட்டதில் உள்ளே போகும் காற்று 66 டிகிரி. தகடு போட்ட பின் 54. ரோட்டில் வேகமாக ஓடும்போது இரண்டுக்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். பையன் துள்ளினான். எனக்கு ஒரு குறுகுறுப்பு. "அந்தப் பழைய பெட்டி எங்கேடா?" என்றேன். பெங்களூரில் கட்டிலுக்கு அடியில். அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லி, மாட்டி, அதே வாசலில் அதே இருபது நிமிடம் ஓட விட்டேன்.

44 டிகிரி.

அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்த வேலையைவிட, கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்கில் வார்த்த பெட்டி நல்ல கேடயமாக இருந்தது. என் தகடு வெறும் சுவர். அவன் பெட்டியோ மூடிபோட்ட அறை, அதற்குத் தனி மூக்கு வேறு. அந்த மூக்கை உயரமாக வைத்திருப்பதிலும் விஷயம் இருக்கிறது. சில பேர் குளிர்ந்த காற்று வேண்டுமென்று குழாயைக் கீழே பம்பர் வரை இறக்குகிறார்கள். 2022 செப்டம்பரில் பெங்களூரில் வெள்ளம் வந்ததே, அந்த மாதிரித் தண்ணீரில் இறங்கினால் என்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். கம்பெனி வாரன்டியும் இன்சூரன்ஸும் இந்த மாற்றங்களுக்கு என்ன சொல்லும் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் இல்லை என்பார்களோ என்று கேட்காமல் இருப்பது நம் பிள்ளைகள் வழக்கம்.

"அப்ப இதைக் கழட்டிடலாமா மாமா?" என்று கடைசியில் கேட்டான். உன் வண்டி, உன் காசு, நீயே முடிவு செய் என்றேன். வாசலில் நின்று ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். அந்த உறுமல் அவனுக்கு வேண்டியிருந்தது. வாலிப வயதில் நானும் ஒரு புல்லட்டின் சைலன்ஸரோடு விளையாடியவன்தான், மறைப்பானேன்? தகடும் சிவப்பு ஃபில்டரும் காரிலேயே இருக்கட்டும் என்று, பழைய பெட்டியை எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டுப் போனான்.

போன வாரம் போன் செய்தான். அம்மா எப்படி, மழை எப்படி என்று சுற்றி வளைத்துவிட்டு, "மாமா, அந்தப் பெட்டியோட கிளிப்பெல்லாம் பத்திரமா இருக்கா?" என்றான். எலி கடிக்காமல் துணி சுற்றித்தான் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன்.