‘கே’ என்ற ஒற்றை எழுத்து

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற பிராசசரை 149 டாலர் விலையில் வெளியிட்டது. அதே மாதம் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-வின் விலை 669 டாலர். மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நாலரை மடங்காக்கி, 300 மெகாஹெர்ட்ஸில் ஓடியது செலரான். அந்த நாலரை மடங்கை யாரும் மாற்ற முடியாதபடி இன்டெல் பூட்டியிருந்தது. துடிப்புக்குப் பூட்டு இல்லை. அதை 100 மெகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் 149 டாலர் பிராசசர் 450-இல் ஓடியது!

சில மதர்போர்டுகளில் துடிப்பை மாற்ற வழியில்லை. அதற்கும் ஆர்வலர்கள் வழி கண்டார்கள். பிராசசர் அட்டையின் விளிம்பில் வரிசையாக இருக்கும் தங்கநிறத் தொடுமுனைகளில், பி21 என்ற ஒன்றை மட்டும் சின்ன டேப் துண்டாலோ நகப்பூச்சாலோ மறைத்தார்கள். மதர்போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் என்று எடுத்துக்கொண்டது.

நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி இப்படி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். இது எப்படிச் சாத்தியம்? ஒரே சிலிக்கான் தகட்டில் வார்த்த சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை. சோதித்துத் தரம் பிரித்துத்தான் விற்கிறார்கள். எந்தச் சில்லும் பழுதில்லாமல் ஓட வேண்டும் என்பதால், அதன் உச்சத் திறனுக்குக் கொஞ்சம் கீழேயே வேகத்தை நிர்ணயிக்கிறார்கள். மலிவு ரகத்துக்குக் கிராக்கி கூடும்போது நல்ல சில்லும் குறைந்த வேக முத்திரையோடு கடைக்கு வரும். அந்த மிச்சம்தான் ஓவர்கிளாக் செய்பவரின் முதல்.

ஆகவே பிராசசர் வாங்கும்போது முதலில் பூட்டைப் பாருங்கள். 2011-இல் வந்த இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில், அடிப்படைத் துடிப்பை ஏற்றினால் மற்ற பாகங்களும் தடுமாறின. துடிப்பைப் பெருக்கும் எண்ணை உயர்த்துவது ஒன்றே உருப்படியான வழி. பெயரின் கடைசியில் ‘கே’ இருந்தால்தான் அந்த எண் முழுதாகத் திறந்திருக்கும். 3.3 கிகாஹெர்ட்ஸ் ஐ5-2500கே பிராசசரைப் பலர் 4.5 வரை கொண்டுபோனார்கள். இன்றும் இன்டெல்லில் ‘கே’ பிராசசரும் ‘இசட்’ வரிசை மதர்போர்டும் ஜோடியாக வேண்டும். ஏஎம்டி 2017-இல் தொடங்கிய ரைசன் வரிசையில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. ஆனால் ‘ஏ’ வரிசை மலிவு போர்டுகள் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய விடாது. ‘பி’ அல்லது ‘எக்ஸ்’ வரிசை வாங்க வேண்டும். 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி மாதிரி விதிவிலக்குகளும் உண்டு. கூடுதல் கேஷ் நினைவகத்தை மேலே அடுக்கிய அந்தச் சில்லு அதிக வோல்டேஜைத் தாங்காது என்பதால் அதைப் பூட்டியே விற்றார்கள்.

அடுத்து வெப்பம். வேகம் கூட வோல்டேஜும் கூட வேண்டும். வெப்பமோ வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாகவும் ஏறும். ஒரு பிராசசரை 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5-க்கும், 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்கும் உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். வேகம் 12.5 சதவீதம் கூடுகிறது. வெப்பம் சுமார் 42 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால்தான் பெரிய கூலர் தேவை. எவ்வளவு பெரிய காற்றுக் கூலரும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. 25 டிகிரி அறையில் சோதித்த அளவை நம் ஊர் மே மாதத்தில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. மதர்போர்டில் சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சப்ளைப் பகுதியின் மேல் கனமான அலுமினியக் கட்டிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கூடுதல் மின்சாரம் அந்த வழியாகத்தான் போகிறது.

வாங்கிய பிறகு அவசரம் கூடாது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் பெருக்கும் எண்ணை ஒரே ஒரு படி ஏற்றி, பிரைம்95 போன்ற சோதனை மென்பொருளைச் சில மணிநேரம் ஓட்டி, வெப்பத்தைக் கவனித்துவிட்டுத்தான் அடுத்த படி. நடுவில் கம்ப்யூட்டர் உறைந்தால் ஒரு படி இறங்குங்கள். ஓவர்கிளாக் செய்ததால் வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாது.

இன்றைய பிராசசர்கள், வேகத்தைத் தானாகவே கூட்டும் டர்போ வசதியால் தம் மிச்சத்தில் பெரும்பங்கைத் தாமே பயன்படுத்திக்கொள்கின்றன. செலரான் காலத்து 50 சதவீத லாபம் இனி வராது. எனவே கடைக்குப் போகும் முன் ‘கே’ எழுத்து, ‘இசட்’ போர்டு, பெரிய கூலர் மூன்றுக்கும் ஆகும் கூடுதல் செலவைக் கூட்டிப் பாருங்கள். அதே பணத்துக்கு ஒரு படி மேலான பிராசசர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இயந்திரத்தின் எல்லையைக் கையால் தொட்டு அறிய ஆசைப்படுகிறவருக்கு, அந்தக் கூடுதல் செலவு தகும்.