நாலு கிலோ டாங்கிக்கு 57 டன் நடை

1:16 அளவு டைகர் டாங்கி ஒன்றில் சாதாரண போர்டைப் பொருத்தி, ரிமோட்டின் ஸ்டிக்கை முன்னே தள்ளினால் வண்டி வெடுக்கென்று பாயும். ஸ்டிக்கை விட்டால் நின்ற இடத்திலேயே அடித்து நிற்கும். நிஜ டைகரின் எடை சுமார் 57 டன். அதன் மேபாக் இன்ஜின் அந்தப் பாரத்தை அசைக்கவே நேரம் எடுத்துக்கொள்ளும். ஓடத் தொடங்கிய பிறகு சட்டென்று நிறுத்தவும் முடியாது. நாலு கிலோ மாதிரிக்கு அந்தக் கனத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு போர்டுதான். இன்ஜின் சத்தத்துக்காகவும் பீரங்கி முழக்கத்துக்காகவும் போர்டு மாற்றுகிறவர்கள் அதிகம். சத்தம் வேண்டியதுதான். ஆனால் கண்ணை நம்பவைப்பது நடை. அதற்காகத்தான் இத்தனை வயர் வேலையும்.

போர்டு செய்வது என்ன? ரிமோட்டிலிருந்து வரும் கட்டளையை ரிசீவர் வாங்கி மின்துடிப்புகளாகத் தருகிறது. பழைய முறையில் ஒரு சேனலுக்கு ஒரு வயர். சுமார் 20 மில்லிவினாடிக்கு ஒரு துடிப்பு வரும். அதன் நீளம் 1.5 மில்லிவினாடி என்றால் ஸ்டிக் நடுவில் இருக்கிறது. 1 அல்லது 2 என்றால் ஏதாவது ஒரு கோடியில். ஐபஸ், எஸ்பஸ் போன்ற புதிய முறைகளில் எல்லா சேனலும் ஒரே வயரில் வந்துவிடும். போர்டு இதைப் படித்து இடது மோட்டார், வலது மோட்டார், பீரங்கிக் கோபுரம், குழாயின் ஏற்ற இறக்கம், விளக்கு, புகை, சத்தம் என்று பிரித்துக் கொடுக்கிறது. மாதிரி டாங்கித் தயாரிப்பாளரான தமியா தன் டாங்கிகளில் ஓட்டத்துக்கு ஒரு யூனிட்டும் மற்ற வேலைகளுக்கு இன்னொரு யூனிட்டும் வைத்தது. இன்னொரு தயாரிப்பாளரான ஹெங் லாங் எல்லாவற்றையும் ஒரே போர்டில் அடக்கியது. ஓப்பன் பேன்சர் என்பது திறந்தமூலத் திட்டம்; அதன் போர்டைக் கணினியோடு இணைத்து ஒவ்வொரு அமைப்பையும் நாமே மாற்றலாம்.

டாங்கிக்கு ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. இரண்டு பட்டைகளின் வேக வித்தியாசத்தால்தான் அது திரும்புகிறது. வேக ஸ்டிக்கின் அளவோடு திருப்ப ஸ்டிக்கின் அளவைக் கூட்டி ஒரு மோட்டாருக்கும், கழித்து மறு மோட்டாருக்கும் போர்டு அனுப்பும். இந்தக் கலவையை போர்டே செய்வதால் ரிமோட்டில் எந்த மிக்ஸிங்கும் இருக்கக் கூடாது. விமானத்துக்கு வாங்கிய ரிமோட்டை அப்படியே கொண்டுவந்தால் அதில் பழைய மிக்ஸிங் ஒளிந்திருக்கும். இரண்டு இடத்தில் கலந்தால் டாங்கி சொன்ன பேச்சைக் கேட்காது. புது மாடலாக ஒரு நினைவிடத்தைத் திறந்து, அங்கிருந்து தொடங்குவது நல்லது.

வயர் இணைக்கும் முன் பட்டைகளைக் கையால் உருட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸ் எங்காவது பிடித்தால் அதை எந்த போர்டும் சரிசெய்யாது. மோட்டார் சிக்கி நிற்கும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். போர்டு தாங்க வேண்டியது அந்த அளவை. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 104 என்று எழுதிய சிறிய கபாசிட்டர் இல்லையென்றால் சால்டர் செய்துவிடுங்கள். மோட்டாரின் கரித்துண்டில் தெறிக்கும் பொறி போர்டைக் குழப்பாமல் அது தடுக்கும். பேட்டரியின் பிளஸ், மைனஸை இருமுறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் பல போர்டுகள் ஒரு நொடிகூடத் தாங்காது.

பேட்டரி வகையையும் போர்டுக்குச் சொல்ல வேண்டும். ஆறு செல் நிக்கல் பேட்டரி 7.2 வோல்ட், இரண்டு செல் லித்தியம் 7.4 வோல்ட். எண்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதை மாட்டிவிடத் தோன்றும். லித்தியம் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். நிக்கலுக்காகச் செய்த பழைய போர்டுகளுக்கு அங்கே நிறுத்தத் தெரியாது. குறைந்த வோல்டேஜில் நிற்கும் அமைப்பு இருந்தால் இரண்டு செல்லுக்குச் சேர்த்து 6.6 என்று வையுங்கள். இல்லையென்றால் தனியாக ஓர் எச்சரிக்கை பஸ்ஸர் வாங்குங்கள்.

ரிசீவரின் ஆன்டெனாவில் வேலை செய்வது நுனியில் உறை உரித்த 31 மில்லிமீட்டர் மட்டுமே, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் கால் பங்கு நீளம் அது. டாங்கியின் அடிப்பகுதி உலோகமாக இருந்தால் அந்த நுனியைப் பிளாஸ்டிக் மேல்மூடியின் அடியில் ஒட்டுங்கள்.

இனி டாங்கியை ஒரு கட்டையின் மேல் தூக்கி வையுங்கள், பட்டைகள் அந்தரத்தில் சுழலட்டும். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு டாங்கியை. ரிசீவரை ரிமோட்டோடு இணைத்த பின், ஸ்டிக்குகளின் நடுப்புள்ளியையும் இரு கோடிகளையும் போர்டுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ரிமோட்டில் ஸ்டிக்கின் நடுநிலையை நகர்த்தும் டிரிம் எல்லாம் நடுவில் இருக்கட்டும். இதை அவசரமாகச் செய்தால், ஸ்டிக்கைத் தொடாதபோதே பட்டை மெல்ல ஊரும்.

அடுத்தது திசை. இங்கே வரிசை முக்கியம். வேக ஸ்டிக்கை மெல்ல முன்னே தள்ளுங்கள். ஒரு பட்டை முன்னும் ஒரு பட்டை பின்னும் சுற்றினால் ஒரு மோட்டார் தலைகீழாக இணைந்திருக்கிறது. பின்னால் சுற்றுகிற மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள். அப்படியே விட்டால் வேக ஸ்டிக்குக்கு டாங்கி திரும்பும், திருப்ப ஸ்டிக்குக்கு நேராக ஓடும். பலர் இதைப் பார்த்து சேனல் மாறிவிட்டது என்று நினைத்து ரிசீவரைக் குடைவார்கள். இரண்டு பட்டையும் பின்னால் சுற்றினால் ரிமோட்டில் வேகச் சேனலை ரிவர்ஸ் செய்தால் போதும். இவை சரியான பிறகுதான் இடது வலதைப் பார்க்க வேண்டும். அது மாறியிருந்தால் திருப்பச் சேனலை ரிவர்ஸ் செய்யுங்கள்.

கட்டையிலிருந்து இறக்கும் முன் ஒரு சோதனையைத் தவறவே விடாதீர்கள். பட்டைகள் சுழலும்போதே ரிமோட்டை அணையுங்கள். டாங்கி நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும்; அப்படியென்றால் ரிமோட்டின் ஃபெயில்சேஃப் பகுதியில் வேகத்தையும் திருப்பத்தையும் நடுவில் பதிந்துவிடுங்கள். உலோகப் பட்டை போட்ட டாங்கியின் கியருக்கு ஒரு குழந்தையின் விரலை நசுக்கும் பலம் உண்டு.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நிஜ டைகர் சாலையில் மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் ஓடியது. அதை 16ஆல் வகுத்தால் வினாடிக்கு 66 சென்டிமீட்டர் வருகிறது. தரையில் இரண்டு மீட்டர் அளந்து கோடு போட்டு, முழு ஸ்டிக்கில் அதைக் கடக்க மூன்று வினாடி ஆகும்வரை போர்டின் உச்ச வேகத்தைக் குறையுங்கள். முதலில் ஏமாற்றமாக இருக்கும், பத்து நிமிடம் ஓட்டினால் வேகமாக ஓட்ட மனம் வராது. டைகருக்கு முன்னோக்கி எட்டு கியர், பின்னோக்கி நான்கு. ஆகவே ரிவர்ஸ் வேகத்தை இன்னும் குறையுங்கள். பிறகு வேகம் ஏறும் நேரத்தைக் கூட்டுங்கள், வண்டி கனமாகப் புறப்படும். நிற்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். மேசை விளிம்பிலும் சரிவிலும் அந்தப் பிரேக் தேவைப்படும்.

நின்ற இடத்தில் சுழல்வது இன்னொரு அமைப்பு. ஒரு பட்டை முன்னும் மற்றது பின்னும் சுற்றி டைகரால் அப்படித் திரும்ப முடியும். அமெரிக்காவின் ஷெர்மனால் முடியாது. அதன் டிஃபரென்ஷியல் ஒரு பட்டையை மெதுவாக்கும், எதிர்த்திசையில் சுற்றவிடாது. ஷெர்மன் மாதிரியில் இந்த அமைப்பை அணைத்துவிடுங்கள், வளைவெடுத்துத்தான் திரும்பட்டும். கோபுரத்துக்கும் இதே கவனம் வேண்டும். ஷெர்மனின் கோபுரம் சுமார் 15 வினாடியில் ஒரு சுற்று சுற்றிவிடும். டைகருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் அந்த இரண்டு வண்டிகளின் கதையே மறைந்துபோகும்.

மோட்டார் கீச்சென்று பாடினால் போர்டில் பிடபிள்யூஎம் அதிர்வெண் என்ற அமைப்பைத் தேடுங்கள். அதை 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வைத்தால் நம் காதுக்குக் கேட்காது, இன்ஜின் ஒலி தெளிவாக வரும். சில மோட்டார்களில் அப்போது மெதுவேக இழுவை சற்றுக் குறையும். தரைவிரிப்பின் மேல் ஊர்ந்து போகிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

தரையில் ஓடும்போது டாங்கி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு மோட்டார் ஒருபோதும் ஒன்றுபோல இருக்காது. டிரிம்மைத் திருப்பி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால் நிற்கும்போது வண்டி ஊரத் தொடங்கும். இரு பட்டைகளின் தொய்வையும் ஒரே அளவாக்கிப் பாருங்கள். அப்படியும் இழுத்தால், போர்டில் இடது வலது சமன் என்ற அமைப்பு இருந்தால், வேகமான பக்கத்தைச் சில சதவீதம் குறையுங்கள்.

நண்பர்களோடு அகச்சிவப்புச் சண்டை போடுவதென்றால் எல்லா டாங்கியும் ஒரே மொழியில் சுட வேண்டும். பரவலாக ஏற்கப்பட்டது தமியாவின் முறை. இலகு, நடுத்தரம், கனம் என்று மூன்று வகுப்பு அதில் உண்டு. கன டாங்கி அதிக அடி தாங்கும், மறுபடி சுடக் கூடுதல் நேரம் எடுக்கும். டைகரைக் கனத்தில் பதியுங்கள். வெயிலில் அகச்சிவப்பு நிறைந்திருப்பதால், நடுப்பகலில் திறந்த வெளியில் சுடும் தூரம் குறையும். வீட்டுக்குள் பட்ட குண்டு அங்கே படவில்லை என்றால் முதலில் நிழலுக்கு நகர்ந்து பாருங்கள். அதற்குப் பிறகு வயரைத் தொடலாம்.