ஊவா மலைகள் சொல்லும் வரலாறு: நாம் கேட்கிறோமா?



சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலைப் பிள்ளைகளுடன் பதுளைக்குச் சுற்றுலா சென்றிருந்தேன். புனித மாற்கு தேவாலயத்தின் முன் நின்று விளக்கம் சொல்லிக் கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி கேட்டாள்: “மௌலவி சேர், இங்க பார்த்ததெல்லாம் வெள்ளைக்காரர் கட்டினது, இல்லாட்டி ராஜாக்கள் கட்டினது. எங்கட ஆக்கள் கட்டினது ஒண்டும் இல்லையா?”

அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. “நேரமாகிவிட்டது, பஸ்ஸில் ஏறுங்கள்” என்று சமாளித்து விட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளுக்குச் சொல்லாத பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

மின்னலும் மேஜரும்

அந்தத் தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டு, 1857ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பதுளையை நிர்வகித்த ஆங்கில அதிகாரி அவர். ஊவாவில் பாதைகள் பல போட்டவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றவர் என்றும் சொல்வார்கள். 1845 ஜூனில், ஹப்புத்தளையில், மின்னல் தாக்கி மாண்டார். அத்தனை யானைகளை வீழ்த்திய துப்பாக்கி ஒரு மின்னலுக்கு முன் என்ன செய்தது? சிந்திப்போருக்கு இதில் படிப்பினை உண்டு.

அவர் பணியாற்றிய படையின் பெயர் இலங்கை ரைபிள் படை. அதில் பெரும்பாலான சிப்பாய்கள் மலாய் முஸ்லிம்கள். 1873இல் அப்படை கலைக்கப்பட்டது. மலையகப் பட்டணங்களில் குடியேறிய மலாய்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதிகாரியின் பெயர் கல்லில் இருக்கிறது. சிப்பாயின் பெயரோ, அவனுக்குச் சோறாக்கிய மனைவியின் பெயரோ எங்கும் இல்லை.

தவளம் போன பாதை

பதுளைக் கச்சேரி வளவில் ஓர் ஆங்கிலப் பெண்ணின் கல்லறைக் கல் உண்டு. அரசமரம் ஒன்று வளர்ந்து அந்தக் கல்லைத் தழுவிக் கொண்டது. 1817இல் இறந்த சோபியா வில்சனின் கல் அது. அதே ஆண்டில் அவரது கணவர், அதிகாரி வில்சன், வெல்லஸ்ஸவில் அம்பு பாய்ந்து கொல்லப்பட்டார். 1818 ஊவா கிளர்ச்சியின் தொடக்கம் அதுதான். அக்கிளர்ச்சி மூண்டதற்கான காரணங்களுள் ஒன்று, வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்குத் தலைவராக ஹாஜி மரிக்கார் என்பவரை ஆங்கிலேயர் நியமித்தது. அவரும் கிளர்ச்சியாளர் கையில் உயிரிழந்தார்.

அந்த முஸ்லிம்கள் அங்கே என்ன செய்தார்கள்? கண்டி மன்னர் காலத்திலேயே தவளம் ஓட்டினார்கள். பொதி மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி, கரையோரத்திலிருந்து காட்டுப் பாதை வழியே மலை நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். திரும்பும்போது பாக்கு ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் கோபுரம் எழுப்பவில்லை. ஆனால் அவர்கள் கால் பதித்த பாதையில்லாமல் மலைநாட்டு அடுப்பில் உப்பு இல்லை!

வெல்லஸ்ஸப் பக்கம் பங்கரகம்மன என்ற ஊரைப் பற்றி ஒரு செவிவழிச் செய்தி உண்டு. போர்த்துக்கீசர் துரத்திவர, இரண்டாம் இராஜசிங்கனை மரப்பொந்தில் மறைத்து வைத்தாள் ஒரு முஸ்லிம் பெண். விரட்டி வந்தவர்கள் கேட்டும் அவள் காட்டிக் கொடுக்கவில்லை. அவளை வெட்டிக் கொன்றார்கள். பின்னர் மன்னன் அவளது இரத்தத்தைத் தன்னைக் காத்த இரத்தம் என்று போற்றி, குடும்பத்துக்கு நிலம் வழங்கினானாம். அந்தப் பெண்ணின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

பாலமும் லயமும்

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாருங்கள். 1921இல் முடிந்தது. உருக்குக் கம்பி இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது. ஏறத்தாழ 80 அடி உயரம். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வந்து, புகையிரத நிலையத்துக்குக் கீழே சுரங்கத்தில் நுழைகிறது. 1924இல் கோச்சி பதுளையை அடைந்தது. இன்று உல்லாசப் பயணிகள் பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள்.

அங்கிருந்து பார்த்தால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே லயங்கள் தெரியும். அவற்றை வரலாற்றுச் சின்னம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஊவாவின் செல்வமெல்லாம் அந்தச் சிறு காம்பராக்களில் இருந்து விடியற்காலையில் புறப்பட்டுப் போன பெண்களின் கூடையில் சேர்ந்ததுதான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரது உடல்கள் மீட்கப்படவே இல்லை. பங்களாவைப் பேணுகிற நாடு லயத்தில் வாழ்வோரைப் பேண மறந்தால் அந்தப் பேணலுக்கு என்ன பொருள்?

என் தவறு

பிறரைக் கேட்டுவிட்டேன். இனி என்னைக் கேட்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். நான் அங்கே ஓதிக் கொடுக்கும் இளம் மௌலவி. அலுமாரியில் கறையான் அரித்த அரபுத் தமிழ்க் கிதாபுகளும் பழைய நிக்காஹ் பதிவேடுகளும் இருந்தன. மரியாதையாக ஆற்றில் விட்டுவிடலாம் என்றார்கள். நானும் கூடச் சுமந்து போனேன். ஒரு பக்கத்தைக்கூட வாசித்துப் பார்க்கவில்லை.

பின்னர் ஒரு தாய் வந்து தன் மூத்தம்மாவின் பெயரையும் ஊரையும் தேடினார். “பழைய புத்தகத்தில இருக்குமே ஹஸ்ரத்?” என்றார். நான் தலை குனிந்தேன். எங்கள் ஆட்கள் எழுதி வைத்திருந்தார்கள். ஆற்றில் விட்டவன் நான்.

அந்த மாணவிக்கு என் பதில் இதுதான், மகளே: எங்கட ஆக்கள் பாதை போட்டார்கள், பள்ளி கட்டினார்கள், எழுதியும் வைத்தார்கள். காக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

சகோதரிகளே! இந்த வேலையை உங்களிடமே ஒப்படைக்கிறேன். வீட்டில் மூத்தம்மா இருந்தால் அருகில் அமருங்கள். அவரின் உம்மா பெயர் என்ன, எந்த ஊரில் இருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று கேட்டு, பிள்ளையின் கொப்பியில் எழுதி வையுங்கள். பெட்டிக்குள் பழைய கிதாபு இருந்தால், வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் அப்புறப்படுத்தாதீர்கள். ஊர்ப் பள்ளியைப் புதுப்பிக்கிறார்கள் என்றால், பழைய பதிவேடு எங்கே என்று உங்கள் வீட்டு ஆண்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

மூத்தவர்கள் மௌத்தாகும் முன் கேட்டுக் கொள்ளும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.