உருவமும் உயிரும்

அண்மையில் எமது கல்லூரி மாணவர் சிலரை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். முன்றிலிலே வீற்றிருக்கும் கலைமகளை வணங்கி, வெண்ணிறக் குவிமாடத்தை அண்ணாந்து நோக்கியபோது மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், இது உண்மையான நூலகந்தானா?"

உடனே விடை கூற இயலவில்லை. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்த திட்டப்படி எழுந்து, 1959இல் திறக்கப்பெற்ற கட்டடம் அது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. எரிந்த சுவர்களை அழிவின் சின்னமாக அப்படியே விட்டுவிட வேண்டும் என்றோரும் உளர். எனினும் பழைய தோற்றத்திலேயே புதுப்பிக்கப்பெற்று, 2000களின் தொடக்கத்தில் மீண்டும் பயன்படலாயிற்று.

"உருவம் மீண்டது தம்பி, எரிந்த சுவடி மீளவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும் வழியில் பஸ் சாரதி 'சின்ன மாமியே' பாடலை ஒலிக்கவிட்டார். பிள்ளைகள் கைதட்டிக் கூடவே பாடினர். கர்நாடக இசையிலே பழகிய என் செவி, இத்தகைய பொப் பாடல்களைப் போலியென்றே நெடுநாள் ஒதுக்கி வந்தது. கிற்றார் மேனாட்டது, தாளமோ பைலாவுக்கு உறவு. இதில் நம்முடையது யாது என்பது என் வாதம். அன்றோ நித்தி கனகரத்தினத்தின் குரலிலே யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சு தெளிவாகக் கேட்டது. இரவல் வாத்தியத்திலே நம்மவர் நாவு! அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்பாடல் பிள்ளைகளின் வாயிலே வாழ்கிறது. அதனைப் போலியென எங்ஙனம் கூறுவது?

அப்போது என் வீட்டு அலுமாரி நினைவுக்கு வந்தது. நூலகம் எரிவதற்குச் சில நாட்களுக்கு முன் என் தந்தையார் அங்கிருந்து இரவல் வாங்கிய நூலொன்று அதிலே பூட்டிக் கிடக்கிறது. நான் அப்போது கைக்குழந்தை. தந்தையார் மறைந்தபின் அதனைப் பொக்கிஷமெனக் காத்து வந்தேன். பழைய நூலகத்தின் முத்திரை பதித்த உண்மையான நூல்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளாக அதனை வாசித்தார் எவருமிலர்.

பாடுவோர் இருக்குமட்டும் பாட்டுக்கு உயிருண்டு. வாசிப்போர் இருக்குமட்டும் நூலகத்துக்கும் உயிருண்டு. அம்மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

வரும் சனிக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு அந்நூலைத் திருப்பிக் கொடுக்கப் போகின்றேன். தாமதத்துக்கான தண்டப்பணத்தை அவர்களே கணக்கிடட்டும்.